குங்ஃபூ ஃபிகர் வாங்கும்போது முகத்தைப் பார்ப்பதா, இடுப்பைப் பார்ப்பதா?

7 ஜனவரி 2024 (வேளச்சேரி வாசகர் கேட்டது)

அண்ணே, புரூஸ் லீ, ஜாக்கி சான், இப் மேன் என்று சினிமா சண்டை வீரர்களின் ஃபிகர், அதாவது கை கால் மடக்கி நிறுத்தக்கூடிய பொம்மை, சேர்க்க ஆசை. வாடகை வீடு, ஒரு அலமாரிக்குத்தான் இடம். 12 அங்குலத்தில் முகம் அச்சு அசலாக இருக்கிறது, அதில் ஒன்று வாங்கினால் போதும் என்கிறான் நண்பன். அந்த விலைக்கு 6 அங்குலத்தில் சிலவற்றை வாங்கிவிடலாமே என்று எனக்குத் தோன்றுகிறது. எதில் தொடங்கலாம்?

8 ஜனவரி 2024

முகத்தை விடுங்கள் தம்பி. முதலில் இடுப்பைப் பாருங்கள், கூடவே மற்ற மூட்டுகளையும்.

விற்பவர்கள் போடும் படங்களில் பாதி, முகத்தை நெருக்கத்தில் எடுத்தவை. தோலின் துளை, புருவத்து முடி, நெற்றி வியர்வை எல்லாம் தெரியும். பார்த்ததும் மயங்கித்தான் போவோம். ஆனால் அலமாரியில் வைத்து நாலடி தள்ளி நின்று பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அது நிற்கும் விதம். நிற்கும் விதம் தப்பினால், முகம் எவ்வளவு தத்ரூபமாக இருந்தாலும் அது துணிக்கடை வாசலில் நிற்கிற பொம்மைதான்.

நான் சின்ன வயதில் கராத்தே கற்றேன், பிறகு சிலம்பம். இரண்டிலும் மாஸ்டர்கள் முதலில் சொல்லிக்கொடுத்தது நிற்பதற்கு. அந்தப் பழக்கத்தில்தான் ஃபிகரையும் பார்க்கிறேன்.

புரூஸ் லீ நிற்பதைக் கவனியுங்கள். வலது கையும் வலது காலும் முன்னால் இருக்கும். வலுவான பக்கம் எதிரிக்கு அருகில் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பின்காலின் குதிகால் தரையை விட்டு லேசாக எழும்பியிருக்கும். எந்த நொடியும் பாய்வார் என்று நமக்குத் தோன்றுவதே அந்தக் குதிகாலால்தான். ஃபிகரின் பாதத்தில் விரல் பக்கம் மடிப்பு இல்லாவிட்டாலும், கணுக்கால் போதுமான அளவு வளையாவிட்டாலும் குதிகால் எழும்பாது. தட்டையாக நிற்கும் புரூஸ் லீயை வைத்து என்ன செய்வது?

இப் மேனுக்கு வேறு சோதனை. அவருடைய குங்ஃபூ முறையான விங் சுன்னில் இரண்டு கையும் நெஞ்சுக்கு நடுவே ஒரே கோட்டில் வர வேண்டும். தோள் முன்பக்கமாக உள்ளே நகரும் ஜாயின்ட் இருந்தால்தான் இது முடியும். சாதாரணத் தோள் என்றால் கைகள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து, யாரையோ கட்டிப்பிடிக்கப் போகிற மாதிரி நிற்கும். வாங்கும் முன் இணையத்தில் யாராவது எடுத்த வீடியோவைத் தேடி, இரண்டு முஷ்டியும் மார்புக்கு நடுவே சேர்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: 6 அங்குலத்தில் தொடங்குங்கள்.

8 ஜனவரி, இரவு

அளவைப் பற்றிக் கொஞ்சம். 12 அங்குலம் என்பது ஆளின் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு, 6 அங்குலம் பன்னிரண்டில் ஒரு பங்கு. அங்குலக் கணக்கு வெறும் பெயர்தான். புரூஸ் லீ ஏறக்குறைய 172 சென்டிமீட்டர். அப்படியானால் பெரிய அளவில் 28.7, சின்ன அளவில் 14.3 சென்டிமீட்டர் வர வேண்டும். ‘கேம் ஆஃப் டெத்’ படத்தில் அவரோடு மோதும் கரீம் அப்துல் ஜப்பார் 218 சென்டிமீட்டர். அவர் 36.3 அல்லது 18.2. இருவரையும் எதிரெதிரே நிறுத்தினால் புரூஸ் லீயின் தலை கரீமின் மார்பைத் தாண்டக் கூடாது. ஒரே உடல் அச்சை எடுத்து எல்லாருக்கும் தலையை மட்டும் மாற்றுகிற கம்பெனிகளும் உண்டு. அங்கே இந்த உயர வித்தியாசம் செத்துவிடும். ஸ்கேலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

11 ஜனவரி 2024

மந்தைவெளி அக்கா ஒருவர் கேட்டிருக்கிறார்: பெரிய அளவில் நிஜத் துணி போடுகிறார்களே, அதன் அழகு சின்னதில் வருமா?

வராது, அக்கா. பண்டாய் நிறுவனத்தின் 6 அங்குல எஸ்.எச். ஃபிகுவார்ட்ஸ் வரிசையில் உடையும் பிளாஸ்டிக்கில்தான் வார்க்கப்பட்டிருக்கும், ஜாயின்ட் வெளியே தெரியும். ஹாங்காங்கின் ஹாட் டாய்ஸ், என்டர்பே போன்றவர்கள் செய்யும் பெரிய ஃபிகரில் ஜாயின்ட் எல்லாம் சட்டைக்குள் ஒளிந்துவிடும். ஹாட் டாய்ஸின் டி.எக்ஸ். வரிசையில் கண்மணியையே திருப்பலாம். எதிரியைக் கடைக்கண்ணால் பார்க்கும் புரூஸ் லீயை அதில் கொண்டுவரலாம், அதற்கு ஈடில்லை.

ஆனால் துணிக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. உடம்பு ஆறில் ஒரு பங்காகச் சுருங்குகிறது, நூல் சுருங்குவதில்லை. தையல் மடிப்பு தொடை இடுக்கில் கட்டியாகச் சேர்ந்துகொண்டு காலைத் தூக்க விடாது. தலை உயரத்துக்கு உதைக்க வேண்டிய கால் இடுப்பு உயரத்தில் நின்றுவிடும். பலவந்தமாகத் தூக்கினால் தையல் பிரியும், இல்லை இடுப்பு ஜாயின்ட் போகும்.

ஆகவே உதைக்கும் போஸ் வேண்டுமென்றால் சின்னது, அமைதியாக நிற்கும் போஸ் வேண்டுமென்றால் பெரியது. அந்த நீள அங்கி போட்ட இப் மேன் பெரிய அளவுக்கென்றே பிறந்தவர். துணி நேராக விழும், காலை உயர்த்தத் தேவையே இல்லை. 2008இல் வந்த ‘இப் மேன்’ படத்தில் அவராக நடித்த டானி யென் பத்து கராத்தேக்காரர்களை அடிக்கும் காட்சியைத் திரும்பப் பாருங்கள். மேல் உடம்பு கிட்டத்தட்ட நிமிர்ந்தே இருக்கும்.

13 ஜனவரி 2024

போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது பெட்டிகளைத் தூக்கிப் போடலாமா என்று கேட்டவர்களுக்கு: போடாதீர்கள். பிற்பாடு விற்க நேர்ந்தால் பெட்டியோடு இருக்கும் ஃபிகருக்கு ஒரு விலை, பெட்டி இல்லாததற்கு வேறு விலை. மாற்றுக் கைகள், நுன்சாக்கு (சங்கிலியால் இணைத்த இரட்டைக் கட்டை), ஸ்டாண்டு எல்லாம் தொலையாமல் இருப்பதும் பெட்டிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தட்டில்தான்.

போன மாதம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் தரைத்தளத்தில் இருந்த என் பெட்டிகள் சில நனைந்தன. அட்டை ஊறிப் பூசணம் பூத்துவிட்டது. உள்ளே பிளாஸ்டிக் தட்டு இருந்ததால் ஃபிகர்கள் தப்பின. அட்டையைக் காயவைத்துக் காப்பாற்றப் பார்ப்பது வீண், பூசணம் பக்கத்துப் பெட்டிக்குத் தாவும். தட்டையும் பாகங்களையும் எடுத்துக்கொண்டு அட்டையைக் கழித்துவிட்டேன். பள்ளிக்கரணை, வேளச்சேரி பக்கம் இருப்பவர்கள் பெட்டியைப் பரணில் வையுங்கள். கட்டிலுக்கு அடியில் வேண்டவே வேண்டாம்.

19 ஜனவரி 2024

கையை மாற்றுவது பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதிகம் உடைவது மணிக்கட்டுதான்.

குங்ஃபூ ஃபிகரோடு கைகள் ஜோடி ஜோடியாக வரும். முஷ்டி, விரித்த கை, கம்பு பிடிக்கும் கை. 1978இல் வந்த ‘ட்ரங்கன் மாஸ்டர்’ ஜாக்கி சான் என்றால், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வளைந்து கிண்ணத்தைப் பிடித்த மாதிரி ஒரு கை இருந்தே ஆக வேண்டும். அது இல்லாவிட்டால் அவர் வெறுமனே தள்ளாடுகிற இளைஞர், அவ்வளவுதான்.

கையைக் கழற்றும் முன் ஹேர் டிரையரை ஓட்டி மணிக்கட்டுக்கு வெதுவெதுப்புக் காட்டுங்கள், அல்லது வெந்நீரில் கையை மட்டும் சிறிது நேரம் முக்கி எடுங்கள். துணி உடை என்றால் டிரையர்தான், நீர் வேண்டாம். பிளாஸ்டிக் இளகியதும் நேராக இழுக்க வேண்டும். திருகிக்கொண்டே இழுத்தால் உள்ளே இருக்கும் மெல்லிய முளை முறியும். முறிந்த முளையைத் துளையிட்டு வெளியே எடுப்பது பெரிய வேலை.

20 பிப்ரவரி 2024

நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்த காமிக் கானுக்கு, அதாவது காமிக்ஸ், சினிமா ரசிகர்கள் கூடும் விழாவுக்கு, போய்வந்தேன். சென்னையில் இதுதான் முதல் முறை. பையன்களும் பெண்களும் வேஷம் கட்டி வந்து கலகலவென்று இருந்தார்கள். நான் பார்த்த வரை ஃபிகர்களில் அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) ஆட்கள்தான் எங்கும். பழைய ஹாங்காங் வீரர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

வேளச்சேரி தம்பியும் வந்திருந்தார். ஒரு கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ‘கேம் ஆஃப் டெத்’ மஞ்சள் உடை போட்ட புரூஸ் லீயைப் பார்த்துவிட்டு என்னை இழுத்துக்கொண்டு போனார். வாங்கவில்லை, விலை அப்படி. ஆனால் அவர் குனிந்து முதலில் பார்த்தது கணுக்காலை. எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

3 மார்ச் 2024

நகல் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டீர்கள். பர்மா பஜார் பக்கமும் இணையக் கடைகளிலும் மலிவாகக் கிடைப்பதை வாங்கலாமா என்பதே கேள்வியின் சாரம்.

என் கருத்து கடுமையானதுதான். வேண்டாம். அசல் ஃபிகரை வைத்து அச்செடுத்து வார்ப்பதால் நுணுக்கமெல்லாம் மழுங்கிவிடும். முகம்கூடப் பரவாயில்லை என்று தோன்றலாம், ஜாயின்ட்தான் மோசம். ஒன்று கல் மாதிரி இறுகியிருக்கும், இல்லையென்றால் தொளதொளவென்று நிற்கவே நிற்காது. கண்டுபிடிக்கச் சில வழி: பெட்டியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் பெயின்ட் வாடை, தோலில் எண்ணெய் தடவிய பளபளப்பு, பெட்டியில் உரிமம் பெற்ற நிறுவனத்தின் பெயரோ முத்திரையோ இல்லாமை. இவை எதையும் பார்க்க வழியில்லையா, விலையே சொல்லிவிடும்.

பெரம்பூர் சார் ஒருவர், அசல் இவ்வளவு விலை விற்றால் நடுத்தர வர்க்கத்துப் பிள்ளை என்னதான் செய்வான் என்று கோபமாகக் கேட்கிறார். கோபம் நியாயமானது. பொம்மை இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60ஆக ஏறியது, 2023இல் 70 ஆனது. 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். உள்நாட்டுத் தொழில் வளர இது உதவலாம். ஆனால் ஹாங்காங்கிலிருந்து ஒற்றை ஃபிகர் வரவழைக்கிறவனுக்கு, பொருளின் விலையைப் பார்த்து ஆர்டர் போட்டுவிட்டுக் கடைசியில் கட்டுகிற தொகை வேறாக இருக்கும். வெளிநாட்டு விலையைப் பார்த்ததும் கணக்குப் போடாதீர்கள். அனுப்பும் செலவையும் வரியையும் கூட்டிய பிறகு யோசியுங்கள்.

சார், உங்களுக்கு என் யோசனை: இன்னொரு சேகரிப்பாளரிடம் பழையதை வாங்குங்கள். சென்னையிலேயே கை மாறுகிறது. நேரில் போய், ஒற்றைக் காலில் நிறுத்திக் காட்டச் சொல்லிப் பார்த்து வாங்கலாம்.

12 மே 2024

கத்திரி வெயில். ஃபிகர் சாய்கிறது என்று வரிசையாகப் புகார்.

ஃபிகர் செய்கிற பி.வி.சி. பிளாஸ்டிக் சூட்டில் இளகும். ஒற்றைக் காலில் உதைக்கிற போஸில் மாதக்கணக்கில் விட்டால் கணுக்கால் மெல்ல மெல்ல வளைந்து ஒரு நாள் முகம் குப்புற விழும். விழும்போது பக்கத்தில் இருப்பவரையும் இழுத்துக்கொண்டு விழும். ‘கராத்தே கிட்’ நாரை உதையை நிரந்தரமாக வைக்க வேண்டுமென்றால் ஒளி ஊடுருவும் ஸ்டாண்டு ஒன்றை இடுப்பில் கவ்விவிடுங்கள், எடை அதில் இறங்கட்டும். ஸ்டாண்டு இல்லாதவர்கள் ஏப்ரல், மே இரண்டு மாதமும் எல்லாரையும் இரண்டு காலில் நிமிர்த்தி நிறுத்திவிடுங்கள். வளைந்துபோனதை வெந்நீரில் இளக்கி, நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் பிடித்தால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வரும்.

மேற்குப் பார்த்த ஜன்னல் ஓரம் அலமாரி கூடாது. வெயில் பட்டால் வெள்ளை மஞ்சளாகும், மஞ்சள் வெளிறும்.

உடம்பில் பிசுபிசுப்பு வந்தால் பயப்பட வேண்டாம். பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்த்த பொருள் வெளியே கசிகிறது. காற்றுப் புகாத பெட்டியில் நீண்ட நாள் அடைத்து வைத்தால் அதிகம் வரும். பாத்திரம் கழுவும் சோப்பைத் துளி எடுத்து வெதுவெதுப்பான நீரில் கழுவி, நிழலில் காயவையுங்கள். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் புருவமும் சேர்ந்து போய்விடும்.

13 மே 2024

நேற்று எழுதியதற்கு ஒரு பின்குறிப்பு. செயற்கைத் தோல் ஆடைக்கு நம் ஊர்ப் புழுக்கத்தில் ஆயுள் குறைவு. உரிய ஆரம்பித்தால் நிறுத்த வழியில்லை. சீன வீரர்களில் பலர் பருத்தி உடைக்காரர்கள் என்பதால் சென்னைக்கு ஏற்ற ஃபிகர்கள் என்றே சொல்வேன். 1978 ‘36த் சேம்பர் ஆஃப் ஷாலின்’ படத்துக் கார்டன் லியூவைப் பாருங்கள். மொட்டைத் தலை, துறவி உடை. தோல் இல்லை, முடியும் இல்லை, உரிவதற்கு ஒன்றுமே இல்லை!

2 ஜூன் 2024

விரல் உடைந்த பழைய ஜி.ஐ. ஜோ (அமெரிக்கப் படைவீரன் பொம்மை) படத்தை அண்ணா நகர் நண்பர் போட்டிருக்கிறார். அதைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

இந்தப் பொழுதுபோக்கின் வேரே அங்கேதான். ஹாஸ்ப்ரோ 1964இல் 12 அங்குல ஜி.ஐ. ஜோவை இறக்கியபோது, பொம்மை என்றால் பையன்கள் வாங்க மாட்டார்கள் என்று ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ எனப் பெயர் வைத்தார்கள். 1973 ஜூலையில் புரூஸ் லீ காலமானார், அடுத்த மாதமே அமெரிக்காவில் ‘என்டர் தி டிராகன்’ வெளியானது. குங்ஃபூ மோகம் தலைக்கேறியது. 1974இல் அதே ஜி.ஐ. ஜோ ‘குங்ஃபூ கிரிப்’ என்று விளம்பரத்தோடு வந்தது. மென்மையான ரப்பரில் செய்த கை, விரல் வளைந்து பொருளைப் பிடிக்கும். உடம்பு என்னவோ அதே படைவீரன்தான், குங்ஃபூ வந்தது கைக்கு மட்டும். அந்த ரப்பர் காலப்போக்கில் வெடித்து விரல் விரலாக உதிரும். நண்பர் படத்தில் இருப்பது அதுதான். மாற்றுக் கை தேடுங்கள், ஒட்ட முயலாதீர்கள்.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. எம்.ஆர்.எஃப். குழுமத்தின் ஃபன்ஸ்கூல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. 6 அங்குலத்தையும்விடச் சின்ன அளவு ஜி.ஐ. ஜோக்களை இந்தியாவில் செய்து விற்றது அவர்கள்தான். கறுப்பு நிஞ்ஜா ஸ்நேக் ஐஸ், வெள்ளை நிஞ்ஜா ஸ்டார்ம் ஷேடோ இருவரும் அதில் உண்டு. 2009இல் படமாக வந்தபோது ரே பார்க்கும் லீ பியுங் ஹுன்னும் நடித்தார்களே, அவர்களேதான். அமெரிக்காவில் இல்லாத நிறக் கலவையில் சில வந்ததால் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடுகிறார்கள். உங்கள் வீட்டுப் பரணில், அக்கா பிள்ளைகளின் பழைய டப்பாவில் ஒன்று கிடக்கலாம்.

அப்படிக் கிடைத்தால் இடுப்பு தனியாக, கால் தனியாக வந்துவிட்டதே என்று எறியாதீர்கள். உள்ளே ஒரு ரப்பர் வளையம்தான் மேல் உடம்பையும் காலையும் இழுத்துப் பிடித்திருக்கிறது. வருஷக்கணக்கில் சூட்டில் அது நைந்து அறுந்திருக்கும். முதுகில் ஒரு சிறு ஸ்க்ரூ. கழற்றினால் உடம்பு இரண்டாகத் திறக்கும். குழாய் சாமான் கடையில் அதே விட்டத்துக்கு வளையம் வாங்கி, கால் கொக்கியில் மாட்டி, மூடிவிடுங்கள். பழைய வளையத்தின் துண்டைக் கையோடு எடுத்துப் போங்கள், தடிமன் பொருந்த வேண்டும். ஸ்க்ரூவை முழுக்க இறுக்காமல் கடைசிச் சுற்றில் கை தோளைச் சோதித்துக்கொண்டே நிறுத்துங்கள்.

20 ஜூலை 2024

புரூஸ் லீ நினைவு நாள். மஞ்சள் உடையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

‘கேம் ஆஃப் டெத்’ சண்டைக் காட்சிகளை 1972இல் எடுத்தார். ‘என்டர் தி டிராகன்’ வாய்ப்பு வந்ததும் அதை நிறுத்திவைத்தார், முடிக்க அவர் இல்லை. 1978இல் மாற்று ஆட்களை வைத்து ஒட்டி வெளியிட்டார்கள். படமாக அது அரைகுறைதான். ஆனாலும் கறுப்புக் கோடு போட்ட அந்த மஞ்சள் உடை உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

அந்த உடையில் ஒரு ஃபிகர் வாங்கினால் அதை அப்படியே பளபளவென்று வைக்காதீர்கள். கரீம் ஒரு உதை விடுவார், புரூஸ் லீயின் நெஞ்சில் புழுதியாய்ப் பெரிய பாதச் சுவடு பதியும். அதை நான் செய்து பார்த்தேன். பழுப்பும் சாம்பலும் கலந்த பாஸ்டல் சாக்பீஸைப் பிளேடால் சுரண்டி மாவாக்கி, பாத வடிவில் வெட்டிய தாளை நெஞ்சில் வைத்து, உலர்ந்த பிரஷ்ஷால் ஒற்ற வேண்டும். பாதத்தின் நீளம் முக்கியம், கிட்டத்தட்ட நெஞ்சின் பாதியை அது பிடிக்க வேண்டும். சின்னதாகப் போட்டால் கரீமின் கால் என்று யாரும் நம்ப மாட்டார்கள். பிடிக்காவிட்டால் ஈரத்துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் போய்விடும். துணி உடையில் செய்யாதீர்கள், இழையில் ஏறிக்கொள்ளும்.

‘என்டர் தி டிராகன்’ இறுதிக் காட்சிக்கும் இதே மாதிரிதான். வயிற்றிலும் கன்னத்திலும் நகக் கீறல் வேண்டும். கீறல் இல்லாத வெற்று உடம்பு என்றால் கண்ணாடி அறைக்குள் இன்னும் நுழையவில்லை என்று அர்த்தம்.

6 அக்டோபர் 2024

நவராத்திரி. மயிலாப்பூரில் அத்தை வீட்டுக் கொலுவில் இந்த முறை எனக்கும் இடம் கிடைத்தது. படியில் இல்லை, கீழே பூங்கா போடும் இடத்தில். கை கால் மாதிரி கட்டைகள் நீட்டிய மரத்தூணை அடித்துப் பயிற்சி செய்யும் இப் மேனும் எதிரே துறவியும். கொலு பார்க்க வந்த பிள்ளைகள் மற்ற எதையும் பார்க்கவில்லை, அத்தைக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆனால் நான் எழுத வந்தது அத்தையிடம் கற்றதை. மரப்பாச்சிக்கு அவர் உடுத்தும் துணியைப் பார்த்தேன். புதுத் துணி எடுப்பதில்லை. பலமுறை துவைத்து நைந்த மல் வேட்டியைத்தான் வெட்டுகிறார். ஓரத்தை மடித்துத் தைப்பதும் இல்லை. ஃபெவிகாலை நீரில் கரைத்து ஓரத்தில் ஒரு கோடு இழுத்துக் காயவிட்டு, அதன் மேலேயே வெட்டுகிறார். நூல் பிரியாது, கட்டியும் சேராது. ஜனவரியில் தொடை இடுக்கில் தையல் கட்டிக்கொள்கிறது என்று எழுதினேனே, அதற்கு வழி அத்தை வீட்டிலேயே இருந்தது. பெரிய ஃபிகருக்கு உதைக்கும் போஸ் வேண்டாம் என்றதை இனி அவ்வளவு அழுத்தமாகச் சொல்ல மாட்டேன். இந்த முறையில் ஒரு கால்சட்டை தைத்துப் போட்டேன், கால் தோள் வரை ஏறுகிறது.

கொலு கலைக்கும்போது அவர் பொம்மைகளைப் பழைய பருத்தித் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைப்பார். அதையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். செய்தித்தாள் மட்டும் கூடாது. மண் பொம்மைக்குப் பரவாயில்லை, பி.வி.சி. தோலில் மை ஒட்டினால் போகாது.

17 நவம்பர் 2024

மழைக்கு நடுவே ஒரு வேலை தொடங்கியிருக்கிறேன்.

எம்.ஜி.ஆர். கம்பு சுற்றிப் பார்த்து வளர்ந்த ஊர் இது. ‘தேவர் மகன்’ சிலம்பச் சண்டையை மறக்க முடியுமா? 2011இல் ‘7ஆம் அறிவு’ போதிதர்மரை வைத்தே படம் வந்தது, 2021இல் ‘சார்பட்டா பரம்பரை’ வடசென்னைக் குத்துச்சண்டையைக் காட்டியது. இவர்களில் ஒருவரைக்கூட நல்ல தரமான ஃபிகராகக் கடையில் நான் பார்த்ததில்லை. ஷாலின் துறவிக்கு உலகம் முழுக்க ஃபிகர் இருக்கிறது, சிலம்பக்காரனுக்கு இல்லை. இது எனக்கு நெடுநாள் வருத்தம். வருத்தப்பட்டுக்கொண்டே இருப்பதைவிட நாமே ஒன்று செய்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நடிகர் முகம் வேண்டாம். எந்தத் தலையானாலும் சரி, சிலம்பக்காரன் நிற்கிற மாதிரி நிற்க வேண்டும்.

வெற்று 12 அங்குல உடம்பு ஒன்றை வாங்கினேன். கம்பு புருவ உயரம் இருக்க வேண்டும், ஆகவே 27 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தடிமன் 4 மில்லிமீட்டர். விளக்குமாற்று ஈர்க்கு மெலிவு. கபாப் குத்தும் மூங்கில் குச்சி சரியாக வந்தது, கூர்முனையை வெட்டி உப்புத்தாளால் உருட்டிவிட்டேன். நாலு முழ வேட்டி இந்த அளவில் 30 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அத்தை கொடுத்த மல் துணிதான். தார்ப்பாய்ச்சிக் கட்டி, மடிப்பை விரலால் நீவி, ஃபெவிகால் கரைத்த நீரைத் தெளித்துக் காயவிட்டேன். காய்ந்ததும் வேட்டி காற்றில் அசைந்து அப்படியே நின்ற மாதிரி வந்துவிட்டது.

சுருள்வாளுக்குக் குளிர்பான டின்னைக் கத்தரிக்கோலால் நீள நாடாவாக வெட்டிப் பார்த்திருக்கிறேன், விறைப்பாகவும் வளைவாகவும் இருக்கிறது. ஓரம் கையைக் கிழிக்கும், ஜாக்கிரதை.

24 நவம்பர் 2024

சிலம்பக்காரனுக்குக் காலடி வந்துவிட்டது. முன்கால் மடங்கி, பின்கால் நீண்டு, இடுப்பு முன்பக்கமாகத் திரும்பி நிற்கிறது. கம்பு தலைக்கு மேல்.

இப்போது தடை ஒன்றுதான். வீச்சில் முன்னால் இருக்கும் கையின் உள்ளங்கை வெளியேயும் பின்னால் இருக்கும் கையின் உள்ளங்கை உள்ளேயும் திரும்பிக் கம்பைப் பிடிக்க வேண்டும். இந்த உடம்போடு வந்த பிடிக்கும் கைகள் இரண்டும் ஒரே பக்கம் திரும்பியவை, வாள் பிடிக்கத்தான் லாயக்கு. மணிக்கட்டு பக்கவாட்டில் மடியும் முளை உள்ள கை ஜோடி, 12 அங்குல அளவில், யாரிடமாவது உபரியாக இருந்தால் எழுதுங்கள். அடையாறிலிருந்து பெரம்பூர் வரை எங்கே என்றாலும் வந்து வாங்கிக்கொள்கிறேன். மாற்றாக என்னிடம் விங் சுன் கைகள் ஒரு ஜோடி இருக்கின்றன, முளை முறியாதது.